நீயும் இறங்கிவிடு

நடுக்கடல்
19 ஜூலை 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள கொரெட்டி அக்காவுக்குத் தம்பி மைக்கல்ராஜ் எழுதுவது. நான் நலம். நீயும் உன் முழங்காலும் லாபு வீட்டு ஒழுகும் கூரையும் நலமா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. வேறு வழியில்லை. படகு கரையை விட்டதும் தைக்கோங் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். தைக்கோங் என்றால் படகுக்குத் தலைவர். நம் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர்கள் பத்துப் பேரை ஒன்றாகப் பிசைந்தால் ஒரு தைக்கோங் வருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஏற்றுப்படகு ஒன்று வந்து, ஐஸும் அரிசியும் டீசலும் கொடுத்துவிட்டு மீனை வாங்கிப் போகும். கடிதமும் அதில்தான். ஜெட்டிக் கடை விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நவம்பரில் மழைக்காற்று தொடங்கும்வரை எங்களுக்குக் கரை கிடையாது.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வலை ஏறும். மீனைப் பிரித்து ஐஸ் போட்டு முடிக்க மூன்று மணி நேரம். மிச்சம் இருப்பதுதான் தூக்கம். செம்பனைக் குலை வெட்டியபோது பேச ஆளில்லை என்று சலித்துக்கொண்டு வந்தேன் அல்லவா, இங்கே பதினாறு பேர் இருக்கிறோம், தமிழ் பேச ஒருவன்தான். தேவன் என்று பெயர், கோலா சாவாக்காரன். கோலா சாவா ஆட்களோடு நான் பந்து விளையாடிச் சண்டை போட்டது உனக்குத் தெரியும். இவனைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அவன் அம்மா நீலாவதி வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றித் தினமும் அரை மணி நேரம் பேசுகிறான். பேசியே வயிற்றை நிரப்புகிறான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மைக்கல்


லாபு
30 ஜூலை 2023

மரியே வாழ்க.

அன்புத் தம்பி மைக்கலுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் வழக்கம்போல மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்த பயல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கடல் நல்ல வாத்தியார்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "நண்டுக் கொழம்பு கதையெல்லாம் இருக்கட்டும்லா, பொண்ணு பாக்கவான்னு கேளு" என்கிறாள்.

நான் வேலை செய்யும் சுங்கை காடுட் கிலாங்கில், இந்த ஃபேக்டரியிலேயே, ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. என்னோடு ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போய் வரலாம். உடனே பதில் சொல்ல வேண்டாம், யோசி. தேவன் தம்பிக்கும் என் அன்பைச் சொல். பேச ஒரு வாய் இருப்பதே பெரிய துணை.

அன்புடன்,
அக்கா


நடுக்கடல்
16 ஆகஸ்ட் 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். நீ நலமா?

போன வாரம் வலை இரண்டு முறை கிழிந்தது. கிழிந்தால் தூக்கம் கிடையாது, உட்கார்ந்து பின்ன வேண்டும். தைக்கோங் மேலிருந்து திட்டிக்கொண்டே இருப்பார். அவரையும் முதலாளி ரேடியோவில் திட்டுகிறார். மேலே துப்பியது படிப்படியாக இறங்கி எங்கள் தலையில் விழுகிறது.

தேவன் இப்போது அதிகம் பேசுவதில்லை. குழம்புக் கதையும் இல்லை. கேட்டால், "ஒன்னும் இல்லலா, ஒடம்பு அலுப்பு" என்கிறான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்க்கிறான். நேற்று, "மைக்கல், நம்மள யாராச்சும் தேடுவாங்களா?" என்று கேட்டான். "ஒங்க அம்மா தேடுவாங்க, கரண்டியோட தேடுவாங்க" என்றேன். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. தூங்கும்போதும் கை மீன் பிரிக்கிறது, அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட் வேலையை நவம்பரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மைக்கல்


லாபு
27 ஆகஸ்ட் 2023

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். உன் சுகத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது.

தேவனைத் தனியாக விடாதே. ஆம்பளைகளுக்கு வாயிருந்தும் ஊமை கண்ட கனவுதான், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள். பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார். கோடாலித் தைலம் இரண்டு போத்தல் அனுப்புகிறேன். ஒன்று அவனுக்கு. இரண்டையும் நீயே தேய்த்துக்கொள்ளாதே.

இருவரும் படகை விட்டுவிட்டு வாருங்கள். உங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? செப்டம்பர் எட்டு மாதா திருநாளுக்குக் கோயிலில் உன் பெயருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். தேவன் பெயருக்கும் ஏற்றுகிறேன், மாதா சாதி மதம் பார்க்கிறவள் இல்லை.

அன்புடன்,
அக்கா


நடுக்கடல்
27 செப்டம்பர் 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். போன முறை எழுத முடியவில்லை.

தேவன் இறங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்கிற நேரத்தில்.

அவன் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை. இப்போது படுக்க இடம் தாராளமாக இருக்கிறது. தைலம் வந்தது. இரண்டு போத்தலும் என்னிடமே இருக்கின்றன.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
மைக்கல்


லாபு
4 அக்டோபர் 2023

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் பார்த்து மனது நிறைந்துவிட்டது. தேவன் இறங்கிவிட்டானா! கெட்டிக்காரன். சட்டையைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறான் என்றால் எவ்வளவு வெறுத்திருப்பான். அம்மாவின் நண்டுக் குழம்பு இழுத்திருக்கும்.

அவன் போனதில் உனக்கு வருத்தம், அதனால்தான் நான்கு வரியில் முடித்துவிட்டாய். எனக்குப் புரிகிறது. சொல்வதைக் கேள் மைக்கல். நீயும் இறங்கிவிடு. அவனுக்கு இருந்த தைரியம் உனக்கு ஏன் இல்லை? ஒரு நிமிஷம் மனதைக் கல்லாக்கிக்கொண்டால் போதும், எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும். தைக்கோங்கிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து நானே கோலா சாவா போய்த் தேவனைப் பார்க்கிறேன். நீ மறைப்பதையெல்லாம் அவன் வாயிலிருந்து பிடுங்கிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா


லாபு
8 அக்டோபர் 2023

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, மறுபடி எழுதுகிறேன்.

கோலா சாவா போய் வந்தேன். நீலாவதி அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தேவன் என்றதும் கடைக்காரரே வீட்டைக் காட்டினார். ஆனால் தேவன் வீட்டில் இல்லை. வரவே இல்லையாம். முதலாளி ஆபீசிலிருந்து போன் வந்ததாம், உங்கள் மகன் வேலையை விட்டு ஓடிவிட்டான், வந்தால் தகவல் சொல்லுங்கள் என்று. அந்த அம்மா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் இருந்தார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்துச் சொன்னேன். "அம்மா, பயப்படாதீங்க. என் தம்பி கைப்பட எழுதியிருக்கான், தேவன் எறங்கிட்டான்னு. வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயாச்சும் கூட்டாளி வீட்டுல இருப்பான். தீபாவளிக்கு வந்துருவான்." உன் கடிதத்தையும் காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துத் தடவினார்கள். பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி போட்டார்கள். வாசல் வரைக்கும் வந்து, "முறுக்குக்கு மாவு அரைக்கணும், அவனுக்குப் பூண்டு போட்டாத்தான் புடிக்கும்" என்றார்கள். நல்ல காரியம் செய்துவிட்டு வந்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

நீயும் சீக்கிரம் இறங்கிவிடு, மைக்கல். ரொம்ப யோசிக்காதே. யோசித்தால் கால் வராது.

அன்புடன்,
அக்கா


நடுக்கடல்
12 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன. ஏற்றுப்படகு பக்கத்திலேயே நிற்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நான் நலம்.

நீயும் இறங்கிவிடு என்று எழுதியிருக்கிறாய். மூன்று முறை எண்ணினேன், இரண்டு கடிதத்திலும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நீ எனக்குத் தப்பாக எதுவும் சொன்னதில்லை. யோசிக்கிறேன்.

என் மோட்டாரை எதிர்வீட்டுச் சசிதரனுக்குக் கொடுத்துவிடு. அவன்தான் பாவம், வேலைக்கு நடந்து போகிறான். கூரை வேலை செய்கிறவருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், மழைக்கு முன்னால் வந்து பார்ப்பார்.

நீலாவதி அம்மாவிடம் நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மைக்கல்


கிழக்குக்கரை ஜெட்டி
25 அக்டோபர் 2023

மைக்கல்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை ஐஸ் பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன். நாளைக் காலை ஏற்றுப்படகு புறப்படுகிறது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மோட்டாரைக் கொடு என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த மோட்டாரை நான் தொட்டாலே முறைப்பவன் நீ. திங்கட்கிழமை கிலாங்கில் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா காக் சல்மாவிடம் சொன்னேன். அவர் அப்பா போர்ட்டிக்சன் பக்கத்து மீனவர். உன் கடிதங்களை மலாயில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். தேவன் இறங்கினான் என்பதற்கு 'தூருன்' என்று சொன்னதும் சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

"எங்க எறங்குனான்?" என்று கேட்டார்.

"கரைக்குத்தான்."

"கடல்காரங்க கரைக்கு எறங்க மாட்டாங்க, கொரெட்டி. கரைக்கு ஏறுவாங்க. கடலுக்குத்தான் எறங்குவாங்க. அந்த ஞாயித்துக்கெழம பக்கத்துல வேற படகு வந்துச்சா?"

ஏற்றுப்படகு வியாழக்கிழமைதான் வரும் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில் ஒருவன் எங்கே இறங்குவான் என்று இந்தப் புத்திசாலி அக்காவுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் இறங்குவது, லோரியில் இறங்குவது, எனக்குத் தெரிந்த இறங்குவது அவ்வளவுதான் மைக்கல். அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சந்தோஷப்பட்டேன். உனக்குத் தைரியம் இல்லையா என்று கேட்டேன். யோசிக்காதே என்று சொன்னேன். ஐயோ, எதை எழுதி உன் கையில் கொடுத்திருக்கிறேன்!

அந்த வார்த்தையை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். உன் அக்கா முட்டாள், அவள் சொன்னது வீட்டுக்கு வா என்பதைத்தான். படகை விட்டுக் கரைக்கு ஏறி வா. வேலை வேண்டாம், ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம், எதுவும் வேண்டாம். வந்து சும்மா படுத்துக்கிட.

நானும் ஒன்றை மறைத்துத்தான் எழுதினேன். சுகம் சுகம் என்று எழுதினேனே, நீ போன பிறகு நான் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிவிடுகிறேன். வீட்டில் என் குரலை நானே கேட்டு நாளாகிறது. உனக்கு யாரும் இல்லை என்று நீ நினைத்தால், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்.

போலீசில் சொல்லிவிட்டேன். ஏற்றுப்படகு ஓட்டும் பாக் மாட்டிடமும் சொன்னேன். "நான் மீன் ஏத்துறவன், ஆள் ஏத்துறவன் இல்ல" என்றார். உன் கடைசிக் கடிதத்தை மலாயில் சொன்னேன். மோட்டார் வரியை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, இந்தக் கடிதத்தை உன் கையில் தருவதாகச் சொன்னார். படகு திரும்பும்வரை இந்த ஜெட்டியை விட்டு நான் நகரமாட்டேன்.

அக்கா


சிரம்பான் ஆஸ்பத்திரி
5 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தினமும் சாயங்காலம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாய். கைப்பேசியும் கையில் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் இதை உன் பைக்குள் வைக்கிறேன். பஸ்ஸில் படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

நான் நலமாக இல்லை. டாக்டரம்மா கேட்டபோது வாய்ப்பழக்கத்தில் மூன்று முறை நலம் என்றேன். நான்காவது முறை அழுதுவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. மாத்திரை சாப்பிட்டால் தூங்குகிறேன். கை இன்னும் தூக்கத்தில் மீன் பிரிக்கிறதாம், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வலை ஏற்றி முடித்துச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். தேவன் என் பக்கத்தில் வந்து, "மைக்கல், கொஞ்சம் பேசலாமா?" என்றான். எனக்குக் கண் சொருகியது. முப்பது மணி நேரம் தூங்கவில்லை. "தூக்கம் வருதுலா. அடுத்த வலைக்கு அப்புறம் பேசலாம்" என்றேன். "சரி, நீ தூங்கு" என்றான். என் தட்டையும் அவனே எடுத்துக்கொண்டு போனான். கழுவத்தான் போகிறான் என்று நினைத்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது, யாரோ கத்தினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். கழுவிய இரண்டு தட்டும் இருந்தன. அவன் இல்லை.

இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினோம். பிறகு வலையைப் போடச் சொன்னார் தைக்கோங். "அவன் தூருன், கதை முடிஞ்சது. கேட்டா ஓடிட்டான்னு சொல்லு" என்றார். உனக்கு எழுத உட்கார்ந்தபோது என் கைக்கும் அந்த வார்த்தைதான் வந்தது. வேறு வார்த்தை எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று பயம். உன் பதில் வந்தபோது நீ எந்த அர்த்தத்தில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும் காதில் வேறு மாதிரி விழுந்தது. அடுத்த ஏற்றுப்படகு வந்து போகட்டும், அதற்குப் பிறகு என்று வைத்திருந்தேன்.

பாக் மாட் கடிதத்தைக் கொடுத்த கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. ஒற்றைக் கையால் பிரித்துத்தான் படித்தேன். ஆளை அனுப்ப முடியாது என்று தைக்கோங் கத்தினார். "ஆள் ஏறலன்னா மீன் ஏறாது. ஐஸ் கரையட்டும்" என்றார் பாக் மாட். அவர்கள் கத்தி முடிக்கும்வரை பிடி தளரவில்லை.

போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அவன் பேசக் கூப்பிட்டதையும் நான் தூங்கப் போனதையும் சொல்லவில்லை. புதன்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த ஞாயிறு தீபாவளி. போலீஸ் வீட்டுக்கு வந்து சொன்னதை நீலாவதி அம்மா நம்பவில்லை என்று சொன்னாய். கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது, மகன் வருவான் என்று முறுக்குச் சுடுகிறார்களாம். நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். போனால், கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்பார்கள். பெற்றவள் கேட்காமல் இருக்கமாட்டாள். நான் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடட்டுமா?

மைக்கல்


லாபு
7 நவம்பர் 2023

அன்புத் தம்பி மைக்கலுக்கு,

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடு, பிறகு படி.

உன் கடிதத்தை வீட்டில் படித்து அழுது முடித்துவிட்டேன். அதனால் நாளை அழமாட்டேன் என்று நினைக்கிறேன். வார்டிலிருந்து நேராகக் கோலா சாவாவுக்குப் போவோம். தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு நாளும் அந்த அம்மா ஒரு டின் நிரப்புகிறார்கள். மகனுக்குச் செய்யவேண்டிய காரியங்களையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் நான் பேசுகிறேன். வந்துவிடுவான் என்று கையைப் பிடித்துச் சொன்ன வாய் இது, இதுதான் முதலில் திறக்க வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்வேன். பிறகு நீ பேசு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ நடுவில் நின்றுவிட்டால் நான் எடுத்துச் சொல்லமாட்டேன், நீ மறுபடி தொடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதே. அவன் பேசக் கூப்பிட்டதைச் சொல். நீ தூங்கிப்போனதையும் சொல். உன் தட்டை எடுத்துக் கழுவி வைத்ததைச் சொல். "சரி, நீ தூங்கு" என்று சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொல். நீ அதை உன் குற்றமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த அம்மாவுக்கு அது மகனின் கடைசி வார்த்தை. அதை அவர்களிடம் கொடுத்துவிடு.

காலை எட்டு மணிக்கு வார்டு வாசலில் நிற்பேன். உன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வருகிறேன்.

அக்கா